பனிக்காலத்துக் கொட்டிலுக்கு ஒரு பாதரட்சை

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நெடுங்காலம் அடுக்குமாடிகளில் வசித்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியே சென்ற பிறகோ, மண்ணோடு மறுபடியும் ஒரு சம்பந்தம் வேண்டும் என்ற பழைய ஆசை மேலோங்கிய பிறகோ, லின்ட்சே, பீற்றர்பரோ பக்கங்களில் சில ஏக்கர் நிலம் வாங்கி ஆடும் கோழியும் வளர்க்கத் தொடங்கியிருக்கும் நம்மவர் சிலரை நான் அறிவேன். கோடையில் அவர்கள் என்னிடம் கேட்பவை வேலியைப் பற்றியும் தீவனத்தைப் பற்றியும் நரியைப் பற்றியும் ஆன பலவிதக் கேள்விகள். ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறக்கும் தறுவாயில் எல்லாருடைய கேள்வியும் ஒன்றாகிவிடுகிறது: கொட்டிலுக்குப் போய்வர எந்த பூட்ஸ் வாங்கலாம்? தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் நிதானமாக எழுதிவைப்பது உசிதம் என்று தோன்றிற்று.

நகரத்துப் பனிக்காலம் வேறு. பண்ணையின் பனிக்காலம் வேறு. நகரவாசி வாசலிலிருந்து வாகனத்துக்கும் வாகனத்திலிருந்து அலுவலகத்துக்கும் நடக்கும் சில நிமிஷங்களே பனியில் இருப்பவர்; கடையில் கண்ணுக்கு அழகாக அடுக்கிவைத்திருப்பவற்றுள் எதுவும் அவருக்குப் போதும். பண்ணையிலோ, பொழுது புலருமுன், வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைக் காட்டும் வேளையில், இரண்டு கைகளிலும் வெந்நீர் வாளிகளைச் சுமந்துகொண்டு, முழங்காலளவு பனியில் தடம் பதித்துக் கொட்டிலை அடைந்து, இரவில் இறுகிக் கல்லாகிவிட்ட தொட்டிநீரை உடைத்து அகற்றி, புதுநீர் ஊற்றி, மூத்திரத்தில் ஊறிய படுக்கை வைக்கோலை வாரி வெளியே தள்ளி, பரணிலிருந்து உலர்புல் கட்டுகளை இறக்கி, உடல் முழுவதும் வியர்த்து, அதன் பிறகு கழன்றுபோன ஒரு கதவுக் கீலைச் சரிசெய்வதற்காக உறைந்த நிலத்தின்மேல் வெகுநேரம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கிறது. வாளி தளும்பிக் காலில் விழும் நீர் விழுந்த இடத்திலேயே உறைகிறது. கொட்டிலுக்குள் மிதிபடுவதோ உறையாத ஈரச் சாணம். இத்தனை மாறுதல்களையும் ஒரே காலைப்பொழுதில் தாங்க வேண்டிய பாதரட்சையைத் தேர்ந்தெடுப்பது சாமானிய காரியம் அன்று.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிகிரிக் கணக்கை. இது பூஜ்யத்துக்குக் கீழே 40 வரை தாங்கும், அது 70 வரை தாங்கும் என்ற அந்த வாக்குறுதிகளை நம்பி, எண் பெரிதாக இருந்தால் பூட்ஸும் உத்தமமானது என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் அளந்து அந்த எண்ணை இடுவதில்லை என்பதையும், அணிந்திருப்பவர் நடந்துகொண்டும் வேலைசெய்துகொண்டும் இருப்பார் என்று வைத்துக்கொண்டே பெரும்பாலும் அது சொல்லப்படுகிறது என்பதையும் விற்பவர் எடுத்துச் சொல்வதில்லை. கால் நனைந்துவிட்டால் எத்தனை பெரிய எண்ணும் பயனற்றது. ஆகவே, இந்தப் பதிவை முழுவதும் வாசிக்க அவகாசம் இல்லாதவர்கள் ஒன்றை மாத்திரம் மனத்தில் கொள்ளட்டும்: இரவில் கழற்றி வைத்தால் விடிவதற்குள் உள்ளும் புறமும் முற்றாக உலர்ந்துவிடும் பூட்ஸ் எதுவோ, அதையே வாங்குங்கள். மற்றக் குணங்கள் யாவும் அதற்குப் பிற்பட்டவை.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூட்ஸ் தானாக உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. நம் இரத்தம் பாதத்துக்குக் கொண்டுவரும் உஷ்ணம் வெளியே ஓடிவிடாமல் தடுப்பதே அதன் தொழில். அதைத் தடுப்பது கம்பளியோ பஞ்சோ அன்று, அவற்றின் இழைகளுக்கிடையே அசையாமல் அகப்பட்டிருக்கும் காற்று. அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்துவதாகையால், விரல் நுனிகள் சிறிது நேரத்தில் மரத்துப்போகின்றன. அந்த நீர் இரண்டு வழிகளில் வருகிறது. வெளியிலிருந்து வரும் நீரை எல்லாரும் அறிவோம். உள்ளிருந்து வரும் நீரை, அதாவது வியர்வையை, அநேகர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களுள் உள்ளங்காலும் ஒன்று என்பதையும், மூடிய றப்பருக்குள் சுரக்கும் வியர்வை போவதற்கு வழியற்றது என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இவ்விரு நீரும் மனிதனை என்ன பாடு படுத்தின என்பதற்குச் சென்ற நூற்றாண்டின் இரண்டு யுத்தங்கள் சாட்சி. 1914ஆம் ஆண்டு தொடங்கிய மகாயுத்தத்தில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிகளில் தேங்கிய குளிர்ந்த நீரில் நாட்கணக்காக நின்ற சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி, நிறம் மாறி, அழுகத் தொடங்கின. நீர் உறையாத குளிரிலேயே அந்த நோய் கண்டது. அதைத் தடுப்பதற்காக எடின்பரோவிலிருந்த நோர்த் பிரிட்டிஷ் றப்பர் கம்பெனி அந்த யுத்தகாலத்தில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட சோடி றப்பர் பூட்ஸ்களைச் செய்து பட்டாளத்துக்கு அளித்தது. பிறகு 1950ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மலைகளில் அமெரிக்கப் படையினர் போரிட்டபோது, கீழ்ப்பாகம் றப்பரும் மேற்பாகம் தோலுமான, வெளிநீர் எளிதில் புகாத பூட்ஸ் அவர்களுக்கு இருந்தது. மலையேறும்போது அதனுள்ளே பெருகிய வியர்வை, அவர்கள் காவலுக்கு நின்ற இடங்களில் பாதத்தோடு சேர்ந்து உறைந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் குளிரால் பழுதுபட்டார்கள். ஏறி வியர்ப்பது, பிறகு நின்று குளிர்வது என்ற அந்தக் கிரமம், அளவில் சிறிதாயினும், உலர்புல் இறக்கிவிட்டுக் கதவுக் கீலைத் திருத்த நிற்கும் பண்ணைக்காரருக்கும் உரியதே.

மகாயுத்தத்து றப்பரைப் பற்றிச் சொன்ன இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் 1876இல் கொண்டுபோன வித்துக்கள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அதே ஆண்டில் இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்துக்குக் கன்றுகளாக வந்தன. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் உலகத்துக்கு வேண்டிய றப்பரின் பெரும்பகுதி மலாயா, இலங்கை முதலிய நாடுகளின் தோட்டங்களிலிருந்து வரலாயிற்று. அங்கே இருட்டோடு எழுந்து மரம் மரமாகப் பால்வெட்டியவர்களுள் திரளானோர் தமிழ்க் கூலிமக்கள். அவர்களுள் பலர் வெறுங்காலோடு வேலைசெய்தவர்கள். பனியில் றப்பர் பூட்ஸை மாட்டிக்கொள்ளும்போது அவர்களை ஒரு கணமேனும் எண்ணுவது நம்முடைய கடமை என்றே நான் கருதுகிறேன்.

குளிரை வெல்வதில் இந்தக் கனடா நாட்டின் ஆதிக்குடிகளை மிஞ்சியவர் எவரும் இல்லை. ரொறன்ரோ புளோர் வீதியில் 1995இல் திறக்கப்பட்ட பாட்டா காலணி நூதனசாலைக்கு, நம் ஊர்ப் பள்ளிப்பிள்ளைகள் அனைவரும் அறிந்த அதே பாட்டா குடும்பத்தினரின் முயற்சியால் உண்டான அந்த இடத்துக்கு, ஒருமுறை போய்வாருங்கள். ஆர்க்டிக் பிரதேசத்து இனுயிட் மக்களின் பாதரட்சைகள் அங்கே சேகரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஈரம் மிகுந்த காலத்துக்குக் கடல்நாய்த் தோல், ஈரமற்ற கடுங்குளிருக்குக் கரிபு மானின் உரோமத்தோல் என்று அவர்கள் காலத்தையும் தரையையும் பார்த்துத் தோலைத் தேர்ந்தார்கள். கடல்நாய்த் தோலைத் தைக்கும் பெண்கள், ஊசி ஒரு தோலை முழுவதும் துளைத்து மறுபுறம் வராதபடி, தோலின் கனத்துக்குள்ளேயே ஓட்டி நீர்புகாத் தையல் இட்டார்கள். இரவில் எண்ணெய் விளக்கின்மேல் கட்டிய பரணில் பூட்ஸையும் காலுறையையும் உலர்த்திவைப்பது அவர்கள் குடும்பத்தில் அன்றாடக் கடமை. அது தவறினால் மறுநாள் வேட்டைக்குப் போகிறவரின் உயிருக்கே ஆபத்து. ஈரத்துக்கு ஒன்று, கடுங்குளிருக்கு ஒன்று, இரண்டையும் இரவில் உலர்த்துவது என்ற அவர்களுடைய முறைக்குமேல் இன்றைய விஞ்ஞானம் பண்ணைக்காரனுக்குப் புதிதாகக் கற்பித்தது அதிகம் இல்லை என்பது என் துணிபு.

இனிக் கடையில் கிடைப்பவற்றுக்கு வருவோம். வெறும் றப்பர் பூட்ஸ் நீரைத் தடுப்பதில் நிகரற்றது. சார்ல்ஸ் குட்யியர் 1839இல் றப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டதற்கு முன்னர், றப்பர் பாதரட்சை கோடையில் இளகியும் பனியில் வெடித்தும் பாழாகும். அந்தத் தோஷம் நீங்கிய பின்னரே அது வயலுக்கும் கொட்டிலுக்கும் வந்தது. ஆனால் உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் எதுவும் அதில் இல்லாமையால், நவம்பர் சேற்றுக்கு உதவுமே அன்றி ஜனவரிக் குளிருக்கு உதவாது. பி.வி.சி.யால் ஆன மலிவு பூட்ஸ் கடுங்குளிரில் விறைத்து, கால் மடங்கும் இடத்தில் கீறிவிடுகிறது. அதை வாங்காதீர்கள்.

நியோப்பிரீன் பூட்ஸுக்கு இன்று பண்ணைக்காரர்களிடையே நல்ல பெயர். அது 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில், பின்னாளில் நைலானையும் தந்த வாலஸ் கரோதர்ஸின் குழுவினர் கண்ட செயற்கை றப்பர். அதை நுரையாக்கினால் ஒன்றோடொன்று தொடர்பற்ற கோடானுகோடிக் காற்றுக் குமிழிகள் உள்ளே அடைபட்டிருப்பதால், வெளிநீர் நுழைவதில்லை. உஷ்ணமும் எளிதில் வெளியேறுவதில்லை. காலோடு ஒட்டி வளைந்துகொடுக்கிறது, குனிந்து வேலைசெய்யச் சுகமாக இருக்கிறது, குழாய்நீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம். இவ்வளவு நன்மைகளையும் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: உள்ளிருந்து வரும் நீருக்கு அதில் வழியில்லை. அதன் உட்துணி பூட்ஸோடு ஒட்டப்பட்டிருப்பதால் கழற்றி உலர்த்த முடியாது. காலையில் வியர்த்த பூட்ஸ் மாலைக் கடமைக்கும் ஈரமாகவே காத்திருக்கிறது. நவம்பரிலும், பனி இளகி நிலமெல்லாம் சேறாகும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அதைப்போல் உபயோகமானது வேறில்லை. தை மாதக் கடுங்குளிரில் இரண்டு வேளையும் அதையே அணிவதை நான் விரும்புவதில்லை.

அந்தக் குளிருக்கு என் மனம் நாடுவது, கீழே றப்பரும் மேலே தோலோ கெட்டித் துணியோ ஆகி, உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய தடித்த கம்பளி உள்ளுறை அமைந்த பழைய மாதிரியைத்தான். இது ஒன்ராறியோ மாகாணத்தின் சொந்தச் சரக்கு என்றுகூடச் சொல்லலாம். கிச்சினர் நகரிலிருந்த கோஃப்மன் றப்பர் கம்பெனி 1962இல் சொரெல் என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டு அந்தக் கம்பெனி முறிந்துபோய்ப் பெயர் அமெரிக்கர் கைக்குப் போயிற்று. தொழிற்சாலைக் கட்டடம் இன்று குடியிருப்பாகி நிற்கிறது. மாதிரி மாத்திரம் அழியவில்லை. மொன்றியலின் கமிக், ஒன்ராறியோவின் பஃபின் போன்றவை அதே அமைப்பில் செய்துவருகின்றன. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பின்னும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது என்பது அதன் தனிச்சிறப்பு. இரவில் உள்ளுறையை உருவிச் சூடான அறையில் தொங்கவிட்டால் விடியுமுன் உலர்ந்துவிடும். இரண்டாவது உள்ளுறை ஒரு சோடி வாங்கி வைத்துக்கொண்டால், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். அந்த இரண்டாவது சோடிக்குச் செலவிடும் பணம், விலையுயர்ந்த பூட்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிட நூறுமடங்கு பயன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன். செயற்கை நாரில் செய்த உள்ளுறைகளும் உண்டு. அவையும் தாழ்வில்லை, கழற்ற முடிந்தால் சரி.

பாற்பண்ணைகளில் பாலியூரித்தேன் பூட்ஸை விரும்பி அணிகிறார்கள். எடை குறைவு, சாணத்தாலும் மூத்திரத்தாலும் விரைவில் கெடுவதில்லை, நாள் முழுவதும் ஈரத்தரையில் நிற்பவர்களுக்கு நல்லது. மாடுகளோடு பொழுதெல்லாம் கழிப்பவர்கள் அதை யோசிக்கலாம்.

பூட்ஸின் மேற்பாகத்தைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பது அரிது. உஷ்ணத்தில் ஒரு பெரும்பங்கு உள்ளங்கால் வழியாகவே நிலத்துக்கு இறங்கிவிடுகிறது. நம் பாரத்தால் அங்கேதான் கம்பளி நசுங்கிக் காற்றை இழக்கிறது. தடித்த அடியும், அதன்மேல் தனியாக எடுத்து உலர்த்தக்கூடிய ஓர் உள்ளடி அட்டையும் வேண்டும். வழுக்குவதோ அதைவிடப் பெரிய விஷயம். வாளித் தண்ணீர் சிந்தி உறைந்த கொட்டில் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது குளிரில் விரல் மரத்துப்போவதைவிடக் கொடியது. ரொறன்ரோ மறுவாழ்வு நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் உண்மையான பனிக்கட்டித் தளம் அமைந்த ஒரு கூடத்தில் மனிதர்களை நடக்கவைத்து, தளத்தைப் படிப்படியாகச் சரித்து, எந்தச் சரிவில் கால் வழுக்குகிறது என்று பார்த்துப் பனிக்கால பூட்ஸ்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். 7 டிகிரிச் சரிவைத் தாங்கினால் ஒரு பனிப்பூ, 11க்கு இரண்டு, 15க்கு மூன்று என்பது அவர்கள் கணக்கு. 2016இல் முதல் முடிவுகள் வெளியானபோது, பரீட்சித்த 98 வகைகளுள் ஒரு பனிப்பூவாவது பெற்றவை பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. விலைக்கும் அந்தத் தரத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எண்ணாதீர்கள். வாங்குமுன் அவர்களுடைய பட்டியலைப் பாருங்கள். நீங்கள் விரும்பிய பூட்ஸ் அதில் தேறாவிட்டால், மேலே மாட்டிக் கழற்றும் இரும்புப் பல் வைத்த றப்பர் பட்டையைக் கொட்டில் வாசலில் ஆணியில் தொங்கவிட்டிருங்கள். ஆழமான பள்ளங்கள் வெட்டிய அடியில் சாணம் அடைந்து உறைந்துவிட்டால் அந்தப் பள்ளங்களால் பிரயோசனம் இல்லை. தினமும் ஒரு குச்சியால் கிண்டிவிட வேண்டும்.

அளவைப் பற்றிச் சில வார்த்தைகள். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்து அணிகிறவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்கிறார்கள். நெருக்கிப் பிடித்த பூட்ஸில் இரத்தம் விரல்வரை ஓடுவதில்லை. இரத்தம் ஓடாத இடத்துக்கு உஷ்ணம் போவதற்கு வேறு வழியில்லை. ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை போதும். அதை அணிந்துகொண்டு கடைக்குப் போங்கள். அதன்மேல் பூட்ஸை மாட்டிக்கொண்டு, விரல்கள் ஐந்தும் தாராளமாக அசைகின்றனவா, நடக்கும்போது குதிகால் மிகுதியாகத் தூக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பருத்திக் காலுறை ஈரத்தை உறிஞ்சிப் பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பனிக்காலம் முழுவதும் அதை அலமாரியிலேயே விட்டுவையுங்கள். கயிறு கட்டும் பூட்ஸைவிட இழுத்து மாட்டும் பூட்ஸ் கொட்டிலுக்கு ஏற்றது. உறைந்த சாணம் படிந்த முடிச்சை விறைத்த விரல்களால் அவிழ்ப்பது வீண் வாதை.

கோழி வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2022 முதல் இந்த மாகாணத்தில் பறவைக்காய்ச்சல் தலைகாட்டி வந்திருக்கிறது. காட்டு வாத்துகளின் எச்சத்தை மிதித்த பூட்ஸே நோயைக் கூட்டுக்குள் கொண்டுபோகும் வாகனமாகலாம். கோழிக்கூட்டுக்கென்று எளிய றப்பர் பூட்ஸ் ஒரு சோடியை அங்கேயே வைத்து, வாசலில் மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற பூட்ஸ்களையும் சாணத்தோடு இரவு முழுவதும் விட்டுவிடாமல் கழுவிவையுங்கள்; அடுப்பின் மிக அருகே மாத்திரம் வைக்க வேண்டாம், றப்பர் வெடித்துப்போகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியாகச் சொல்கிறேன். இந்தப் பண்ணைகளில் காலையில் கோழிக்குத் தீனி போடுவதும் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துவருவதும் அநேகமாக வீட்டிலுள்ள பெரியவர்களின் வேலையாக இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வெறுங்காலோடு தோட்டத்தில் நடந்து பழகிய அம்மாவுக்கும் ஐயாவுக்கும், பேரப்பிள்ளை அணிந்து கழித்த, அளவு பொருந்தாத, உள்ளே நைந்துபோன ஒரு பழைய பூட்ஸை, கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று கொடுத்துவிடுகிறோம். நம் முதியவர்களுள் பலருக்கு நீரிழிவு உண்டு. நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி மங்கியவருக்குக் குளிர் கடிப்பதே தெரியாது. வலிக்காததால் அவர் திரும்பி வரமாட்டார், தோல் நிறம் மாறிய பின்னர்தான் மற்றவர்கள் காண்பார்கள். அவர்களுக்கென்று அவர்களுடைய அளவிலேயே, உள்ளுறை கழற்றக்கூடிய, வழுக்காத, புதிய பூட்ஸ் ஒரு சோடி இந்த நவம்பரில், நல்ல அளவுகள் கடைகளில் தீர்ந்துபோவதற்கு முன், வாங்கிக்கொடுங்கள். கொட்டிலிலிருந்து அவர்கள் திரும்பியதும் காலுறையைக் கழற்றி, பத்து விரல்களையும் நீங்களே தொட்டுப் பாருங்கள்.